அடுத்தவர் மனதை நினைத்துப் பார்ப்பது



பந்தியில் நாம் சோற்று வாளியோடு வரும்போது ஒருவர் இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டுகிறார். வாய் திறக்கவில்லை, ஆனால் "போதும்" என்று நமக்குப் புரிகிறது. நாம் என்ன செய்யப்போகிறோம் என்று அவர் நினைத்தார். அவர் நினைத்ததை நாமும் நினைத்துப் பார்த்தோம். மனிதர் பேச்சு நடப்பதே இப்படித்தான்.

இது பிறந்தவுடனே வருவதில்லை. 1983-ல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் சிறுபிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பச்சை என்றார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. நாலு, ஐந்து வயதாகும்போதுதான் மெல்ல மெல்லப் புரிய வருகிறது. நான் பேத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். "அங்கதான தாத்தா இருக்கு" என்று என்னைத் திருத்தினாள்.

1985-ல் லண்டனில் இதேபோல ஒரு பொம்மைக் கதையை ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளிடம் சொன்னார்கள். 16 பேர் தவறாகச் சொன்னார்கள். இவர்களுக்கு அடுத்தவர் மனது தெரியாது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். மற்ற நாலு பேர் சரியாகச் சொன்னார்களே என்பதுதான் எனக்குத் தோன்றியது. 2012-ல் டேமியன் மில்ட்டன் என்ற அறிஞர், தாமே ஆட்டிசம் உள்ளவர், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எழுதினார். அவர்கள் மனது நமக்கும் தெரிவதில்லை.

இதற்குச் சாட்சி நானே. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு நேரம். பத்து வயதுப் பையன் ஒருவன் தலைப்பாகையைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி எறிந்தான். இரண்டு தடவை "அப்படிச் செய்யக்கூடாது மக்களே" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மதிக்கவில்லை என்று நினைத்து மூன்றாவது தடவை சத்தம் போட்டேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். அவன் அம்மா ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இனிமம் கூட வாங்கவில்லை.

விவரம் தெரிந்தபின் வீட்டுக்குப் போனேன். "துணி உரசினா அவனுக்குத் தாங்காது அண்ணாச்சி, சத்தமும் ஆகாது" என்றாள். அதை வாசலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லும்படியா நான் நின்றேன்? எது உரசாது என்று கேட்டேன். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணி என்றாள்.

இப்போது பதியில் அப்படி இரண்டு துணி மடித்து வைத்திருக்கிறோம். அவன் வந்தால் தானே எடுத்துச் சுற்றிக்கொள்கிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அதை எதிர்பார்ப்பதில்லை.