ஒரு செட் ஆஃப், பல தொழில்

நம்பிக்கை: ‘செட்’ தெரியும், ‘ஆஃப்’ தெரியும். சேர்த்துப் படித்தால் ‘செட் ஆஃப்’ புரிந்துவிடும்.

உண்மை: சிவகாசியில் இந்தக் கணக்கு உதைக்கும். பட்டாசை வெடிக்க வைப்பது செட் ஆஃப். பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிய லாரி கிளம்புவதும் செட் ஆஃப். காலண்டர் அடிக்கும் ஆஃப்செட் அச்சகத்திலோ, காயாத மை மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்வதற்கு அந்தப் பெயர். அதைத் தடுக்கத்தான் அச்சான தாள்களின்மேல் மெல்லிய பவுடர் தூவுகிறார்கள். (ஆஃப்செட் வேறு, அது தகட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கும், அங்கிருந்து தாளுக்கும் மை போகும் முறை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.)

நம்பிக்கை: ‘செட் ஆஃப்’ போன்ற ஃப்ரேசல் வெர்ப் எல்லாம் பேச்சு வழக்கு, சட்டத்தில் வராது.

உண்மை: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 70, 71ஆம் பிரிவுகளின் தலைப்பிலேயே செட் ஆஃப் இருந்தது. ஓரிடத்து நஷ்டத்தை இன்னோரிடத்து வருமானத்தில் கழித்துக்கொள்வது என்று பொருள். பட்டாசு ஆலைக்கே கணக்குப் பார்க்கும் ஆடிட்டருக்கும் இந்தச் சொல்லில் வெடி கேட்காது.

நம்பிக்கை: இங்கிலீஷ்காரர்களுக்கு இதில் சிக்கலே தெரியாது.

உண்மை: அயலாரை மிகவும் திணறடிப்பவை இந்த ஃப்ரேசல் வெர்ப்கள்தான் என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். அங்கே அவர் செட் ஆஃபுக்குத் தந்த பொருள், அழகூட்டுவது!

நம்பிக்கை: தமிழில் இந்தத் தொல்லை கிடையாது.

உண்மை: வெடி போடு, டீ போடு, சட்டை போடு, சண்டை போடு, கணக்குப் போடு. நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

நம்பிக்கை: ‘ஆஃப்’ வந்தாலே அணைந்தது, நின்றது என்று பொருள்.

உண்மை: மற்றவற்றில் தவறினால் மதிப்பெண் போகும், இதில் விரல் போகும். விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது. அலாரம் என்றால் அடிக்கிறது. பால் என்றால் கெட்டுப்போகிறது. பட்டாசு என்றால் வெடிக்கிறது. ஆகவே ஒரு பட்டாசு ‘கோ ஆஃப்’ ஆகாவிட்டால் கிட்டே போகாதே என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அது வெடிக்காமல் கிடக்கும் பட்டாசைப் பற்றிய எச்சரிக்கை. கரண்ட் ஆஃப், ஃபேன் ஆஃப் என்று பழகிய பிள்ளை அதை ‘அணையாவிட்டால்’ என்று படித்தால், அணைந்ததுபோல் தெரியும் வெடியைத் தாராளமாகக் கையில் எடுக்கும். திரிக்குள் நெருப்பு கனன்றுகொண்டிருக்கலாம். குனிந்து பார்ப்பதும் மறுபடி பற்றவைப்பதும் கூடாது. நன்றாகக் காத்திருந்து, தள்ளி நின்றே வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டும்.