நூறு நாள் வேலை: உழவர் பார்க்க வேண்டிய கணக்கு

திருத்தணியிலிருந்து நகரி போகிற பக்கம் எனக்கு நாலரை ஏக்கர் நிலம். ரெண்டு ஏக்கர் கழனி, மீதி கொல்லை. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ரசாயனம் இல்லாமல் பயிர் செய்துவருகிறேன்.

மூணாவது வருஷம் ஆடிப்பட்டத்தில் வேர்க்கடலை போட்டிருந்தேன். இருபதாம் நாள் களை எடுக்கணும். சொல்லிவைத்த பத்துப் பேரில் மூணு பேர்தான் வந்தாங்க. மற்றவங்க ஏரி வேலைக்குப் போயிட்டாங்க. பக்கத்து நிலத்துக்காரர், "களைக்கொல்லி அடிச்சுட்டுப் போங்க சார்" என்றார். அடிக்கவில்லை. ஆனால், "இந்த நூறு நாள் வேலையை நிறுத்தினாத்தான் விவசாயம் பிழைக்கும்" என்று டீக்கடையில் நானும் பேசினேன். நம்மில் பலர் பேசுவதுதான்.

களையெடுக்க வந்த ஒரு அம்மா அதைக் கேட்டுட்டு, மறுநாள் வரப்பில் நின்று கேட்டாங்க: "சார், உங்க நிலத்துல எனக்கு வருஷத்துக்கு எத்தினி நாள் வேல இருக்குது?"

"நிறைய இருக்கேம்மா" என்றேன். அன்று ராத்திரி கூலி நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அந்த வருஷம் அவங்க என்னிடம் வேலை செய்தது 46 நாள். மிச்ச நாளெல்லாம் அவங்க வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அதற்குப் பிறகுதான் இந்தத் திட்டத்தின் கணக்கை ஒழுங்காகப் படித்தேன். படித்ததை இங்கே சொல்கிறேன்.

பணம் எப்படி வருகிறது

ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்தது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரலில் நாடு முழுக்கப் பரவியது. இதற்கு முன்னோடி மகாராஷ்டிரம். 1970களின் பெரும் வறட்சியில் தொடங்கிய வேலை உறுதித் திட்டத்துக்காக அங்கே தொழில் வரி போட்டார்கள். நகரத்துச் சம்பளக்காரர் கட்டிய வரி கிராமத்துக் கூலியாக வந்தது.

2005 சட்டத்தின் உயிர்நாடி, கேட்டால் தரவேண்டும் என்பது. சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்கும் சீட்டை நீட்டினால் வங்கி கொடுத்தே ஆகணும் இல்லையா, அதுபோல. கூலி முழுவதும் மத்திய அரசு. பொருள் செலவில் முக்கால் பங்கும் மத்திய அரசு. கூலி 60, பொருள் 40 என்று 100 ரூபாய்க்கு வேலை நடந்தால் மத்திய அரசு 60ம் 30ம் சேர்த்து 90 தரும், மாநிலம் 10 தரும்.

சட்டம் அப்படி. ஒதுக்கீடு வேறு மாதிரி. கொரோனா ஆண்டான 2020-21இல் திருத்திய மதிப்பீடு 1,11,500 கோடி ரூபாய். 2024-25இல் 86,000 கோடி, 2025-26இலும் அதே 86,000 கோடி. இதற்கிடையே தமிழ்நாட்டில் நாள் கூலி 319லிருந்து 336 ஆனது. முந்தின வருஷத்துப் பாக்கியையும் புது ஒதுக்கீட்டிலிருந்தே கட்டணும். தொகை ஏறாமல் கூலி ஏறினால், குறைவது வேலை நாள்தான். வெட்டிவிட்டோம் என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கூலிப் பாக்கி 1,056 கோடி என்று முதல்வர் பிரதமருக்கு எழுதினார். மார்ச்சில் நிலுவை 4,034 கோடி என்று சொல்லப்பட்டது. அந்த மாதங்களில் எங்க ஊரில் பெண்கள் வாரவட்டிக்கு வாங்கித்தான் பொங்கல் வைத்தார்கள்.

புதுச் சட்டம்

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாக விபி-ஜி ராம் ஜி சட்டத்தை நிறைவேற்றியது. 100 நாள் 125 நாள் ஆகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்குச் செலவுப் பங்கு 60:40. மேலே சொன்ன 100 ரூபாயில் மாநிலம் 10 தந்த இடத்தில் இனி 40 தரணும். அதோடு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் இவ்வளவு என்று மத்திய அரசு முன்கூட்டியே தொகை நிர்ணயிக்கும். அதைத் தாண்டினால் முழுச் செலவும் மாநிலத்தின் தலையில். சீட்டை நீட்டினால் பணம் என்பது போய், கிளைக்கு இந்த வருஷம் இவ்வளவுதான் என்றாகிவிட்டது. கையில் காசில்லாத மாநிலம் வேலை கேட்பவரைத் தட்டிக்கழிக்கத்தான் பார்க்கும். அப்புறம் 125 என்பது காகிதத்தில்தான் இருக்கும்.

அந்த 60 நாள்

விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கவும் புதுச் சட்டம் சொல்கிறது. இது நமக்காக வைத்தது. முதலில் எனக்கும் சந்தோஷம்தான்.

யோசித்தால் இடிக்கிறது. நம்ம மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூணு நெல் பட்டம். மானாவாரிக் கடலை வேறு, இறவைக் கடலை வேறு. எந்த 60 நாளை நிறுத்துவது? அதைவிட, ஏரி வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் வயதானவர்கள் நிறைய. நடவுக்கோ அறுப்புக்கோ நாம் அவர்களைக் கூப்பிடுவதில்லை. வேலையை நிறுத்தினால் அவர்கள் நம்ம கழனிக்கு வரப்போவதில்லை; வீட்டில் சும்மா இருப்பார்கள்.

இயற்கை விவசாயத்தில் ஆள் தேவை அதிகம், அது உண்மை. நான் இப்போது களைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே குழுவோடு உட்கார்ந்து தேதி பேசிவிடுகிறேன். திட்டக் கூலியைவிடக் கூட்டித் தருகிறேன். முதல் பட்டம் சரியாக நடந்தது. அடுத்த பட்டம் மழையில் தேதி தள்ளிப்போய் பாதிப் பேர்தான் வந்தார்கள். முழுத் தீர்வு இல்லை, ஆனாலும் களைக்கொல்லி தேவைப்படவில்லை. நம்ம ஏரியில் தண்ணீர் நிற்பதும் இதே பெண்கள் தூர் எடுத்ததால்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

1. வேலையை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். தேதி போட்ட ரசீது வாங்கணும். 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி உண்டு. இது பழைய சட்டத்திலும் இருந்தது, புதிதிலும் இருக்கிறது. ரசீது இல்லையென்றால் வேலை கேட்டதற்கே கணக்கு இல்லை.

2. கூலி வரவில்லை என்றால் முதலில் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பணம் அந்தக் கணக்குக்குத்தான் போகும். "வரலை" என்று வந்த சிலருக்கு, மறந்துபோன பழைய கணக்கில் பணம் கிடந்ததை நானே எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

3. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளுக்கு உழவரும் போகணும். வரத்துக் கால்வாய், பண்ணைக்குட்டை, வரப்பு, மரக்கன்று என்று நமக்குத் தேவையான வேலைகளைத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். நிறுத்தும் நாட்களை ஊருக்கு ஊர் பயிர் பார்த்துத்தான் முடிவு செய்யணும் என்றும் எழுதுங்கள். பகுதிக்குப் பகுதி தனியாக அறிவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

4. ஒதுக்கீட்டை உயர்த்த நாடாளுமன்ற உறுப்பினரிடமும், மாநிலப் பங்கைத் தாமதிக்காமல் விட சட்டமன்ற உறுப்பினரிடமும் மனு கொடுங்கள். கூலிக்காரரும் நில உழவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் அதற்கு மதிப்பு தனி.

நோட்டில் 46 நாள் கண்ட பிறகு டீக்கடையில் அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை. வேறு யாராவது எடுத்தால், உங்க கூலி நோட்டை ஒரு தடவை கூட்டிப் பாருங்க என்று சொல்கிறேன்.