கொல்கத்தாவில் சமணம்

கொல்கத்தாவின் வடபகுதியில், மாணிக்தலாவை அடுத்து, பத்ரிதாஸ் கோயில் தெருவில் ஒரு சமணக் கோயில் உள்ளது. கண்ணாடிச் சில்லுகளும் வண்ணக் கற்களும் பதித்த அதன் தூண்களைக் காண நாள்தோறும் மக்கள் வருகின்றனர். 1867ஆம் ஆண்டில் இதனைக் கட்டியவர் ராய் பத்ரிதாஸ் பகதூர் என்னும் நகைவணிகர். அன்று ஏற்றிய விளக்கு இன்றுவரை அணையவில்லை என்பர். ஊரார் இதனைப் பரேஷ்நாத் கோயில் என அழைக்கின்றனர். பரேஷ்நாத் என்பது இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரராகிய பார்சுவநாதரின் பெயர். ஆயினும் இங்குக் கருவறையில் அமர்ந்திருப்பவர் பத்தாம் தீர்த்தங்கரராகிய சீதளநாதரே.

இக்கோயிலைக் காண்போர்க்கு ஓர் ஐயம் எழலாம். அனைத்தையும் துறந்தவர்களை வணங்கும் இடத்தில் இத்தனை அணியும் ஒளியும் எதற்கு?

உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு எனச் சமணம் கொள்வதில்லை. உயிர்கள் தத்தம் வினையால் கட்டுண்டு பிறந்தும் இறந்தும் உழல்கின்றன. அக்கட்டைத் தம் முயற்சியால் அறுத்து, பிறர்க்கும் வழி காட்டியவர்களே இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளே அவர்கள் காட்டிய வழி.

இறுதித் தீர்த்தங்கரர் வர்த்தமான மகாவீரர். முப்பதாம் வயதில் இல்லம் துறந்த அவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தவம் புரிந்தார். அக்காலத்தில் அவர் லாட நாட்டிலும் நடந்தார் என ஆசாராங்க சூத்திரம் கூறுகிறது. அந்நாடு இன்றைய வங்கத்தின் மேற்குப் பகுதி என்பது அறிஞர் கருத்து. அங்குள்ளோர் அவர்மீது நாய்களை ஏவினர். பிற துறவியர் நாய்களை விலக்கக் கைக்கோல் கொண்டு சென்றனர். மகாவீரரோ எவ்வுயிர்மீதும் கோல் ஓங்காமல் கடிகளைப் பொறுத்து நடந்தார்.

அத்தகைய பொறுமை எல்லார்க்கும் இயலுமா? இயலாது என்பதைச் சமணமே ஒப்புக்கொள்கிறது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, புலனடக்கம், பொருட்பற்றின்மை என்னும் ஐந்தும் துறவியர்க்குப் பெருநோன்புகள். இல்லறத்தார்க்கு அவையே அளவோடு அமைந்த சிறுநோன்புகள். வணிகர் பொருள் ஈட்டலாம். ஆனால் நிலம், பொன், தானியம் ஆகியவற்றில் இவ்வளவே எனக்குப் போதும் எனத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். எல்லையைக் கடந்த பொருள் அறத்திற்கு உரியது. செல்வர் கோயில் எழுப்புவதும் அவ்வகை அறங்களுள் ஒன்று.

ஏரால் மண்ணுயிர்கள் மாயும் என அஞ்சியே சமணர் பலர் வணிகத்தை நாடினர் என்று கூறுவதுண்டு. இக்கூற்று முழுவதும் பொருந்தாது. தமிழகச் சமணருள் உழவரே மிகுதி.

அன்றாட வாழ்விலும் கொல்லாமை நுட்பமாகப் பேணப்படுகிறது. நீரை வடிகட்டிப் பருகுவர். மண்ணுக்குள் விளையும் வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றை விலக்குவர். கதிரவன் மறைந்தபின் உண்ணாமை மற்றொரு நோன்பு. மார்கழியில் கொல்கத்தாவில் மாலை ஐந்து மணிக்கே கதிரவன் மறைந்துவிடும்! அந்நாளில் இந்நோன்பைக் காக்கும் மாணவர், பள்ளியிலிருந்து வந்த கையோடு இரவு உணவையும் முடித்துவிட வேண்டும்.

இந்நுட்பம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்குச் செல்லும்போது, சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் உடன் செல்கிறார்.  நீர்க்கரையில் நடக்கையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கக் கூடும் என்பதும் அவருடைய அச்சங்களுள் ஒன்று.

மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகும். ஆதலால் சமணத் துறவியர் நான்கு மாதம் ஓரிடத்திலேயே தங்குவர். அம்மாதங்களில் வரும் பர்யூஷண நோன்பின் இறுதியில் சிறியோர், பெரியோர் என்ற வேறுபாடின்றி ஒருவரிடம் ஒருவர் 'மிச்சாமி துக்கடம்' என்று கூறி மன்னிப்பு வேண்டுவர். கார்த்திகை முழுநிலவன்று கொல்கத்தாவின் படாபஜாரிலிருந்து சமணர் ஊர்வலம் புறப்படும். அதன்பின் துறவியர் மீண்டும் வெறுங்காலுடன் நடக்கத் தொடங்குவர்.

பயிற்சி

1. பெருநோன்பு, சிறுநோன்பு – வேறுபடுத்தி எழுதுக.
2. கவுந்தியடிகளின் எச்சரிக்கையை உம் சொற்களில் எழுதுக.
3. 'எனக்கு இவ்வளவே போதும்' என நீவிர் எல்லை வகுக்க எண்ணும் பொருள் யாது? ஐந்து வரிகளில் எழுதுக.