தோளில் முடிச்சு, நெற்றியில் வலி

கேள்வி: பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். வலது தோளுக்கு மேலே கோலிக்குண்டு மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது. அழுத்தினால் நெற்றிப்பொட்டு வரை வலி தெறிக்கிறது. தைலம் தேய்த்தும் கேட்கவில்லை. கெட்ட கட்டியாக இருக்குமோ?
- வாசகி, திருப்பூர்

பயப்படாதீர்கள் அம்மா. கழுத்தையும் தோளையும் இணைக்கும் ட்ரபீசியஸ் தசையில் விழுந்த முடிச்சுதான் இது என்று தோன்றுகிறது. அங்கே தொட்டால் நெற்றிப்பொட்டில் வலிப்பது அதன் அடையாளம். அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் ட்ராவெல், எந்த முடிச்சின் வலி எங்கே பரவும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறார். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் 1983-ல் வந்தது.

தைலத்தைப் பரபரவென்று தேய்த்தால் தோல்தான் சூடாகும். முடிச்சுக்குத் தேவை நின்று நிதானமான அழுத்தம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை 10 நிமிடம் தோளில் போடுங்கள். வலது கையை மடியில் தளர்வாக வைத்துக்கொண்டு, இடது கை விரல்களால் அந்தத் தசையைக் கொத்தாகப் பிடியுங்கள். முடிச்சு விரலுக்குள் அகப்படும். தாங்கக்கூடிய அளவுக்கு 30 முதல் 60 விநாடி அழுத்துங்கள், மூச்சை அடக்காமல். வலி மெல்ல இறங்குவது தெரியும். விட்டுவிட்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து அரை நிமிடம் இருங்கள். காலையும் இரவும் செய்யுங்கள்.

சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது கழுத்தைச் சொடுக்க வந்தால் தயவுசெய்து விடாதீர்கள்.

ஸ்டூலையும் பாருங்கள். அது தாழ்வாக இருந்தால் தைக்கும்போது தோள் காதை நோக்கி ஏறும். முடிச்சு மறுபடி வரும். இரண்டு மூன்று வாரத்தில் இளகாவிட்டாலோ, பெரிதானாலோ, விரல்கள் மரத்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.