டிராக்டர் கேபினுக்கு எந்தக் கண்ணாடி?

கேள்வி: சின்னசேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஸ்கொயர் பைப் வைத்து என் டிராக்டருக்குக் கேபின் கட்டியிருக்கிறேன். கல்வராயன்மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குவது, மக்காச்சோளக் காட்டில் ரோட்டவேட்டர் ஓட்டுவது, மருந்தடிப்பது எல்லாம் இந்த வண்டியில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளிமலைப் பக்கம் மழையும் பனிமூட்டமும் தாங்க முடிவதில்லை. வீட்டு ஜன்னலுக்குப் போடும் 5 மி.மீ. கண்ணாடியே போதும் என்கிறார் கடைக்காரர். அக்ரிலிக் ஷீட் போடுங்கள் என்கிறார் பட்டறைக்காரர். எதைப் போடுவது? எப்படிப் பொருத்துவது?
– வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: இரண்டுமே வேண்டாம். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாகப் பிளக்கும். அதுவும் உங்கள் கழுத்து உயரத்தில். அக்ரிலிக் ஸ்க்ரூ போட்ட துளையிலிருந்து விரிசல் விடும். நம் செம்மண் தூசியில் வைப்பர் ஓடினால் சீக்கிரமே கீறல் விழுந்து மங்கிவிடும். மாலை வெயில் எதிரே அடிக்கும்போது பாதை தெரியாது.

முன்பக்கத்துக்கு லேமினேட்டட் கண்ணாடி போடுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கல் பட்டால் விரிசல் விடுமே தவிர உள்ளே கொட்டாது. உங்கள் கேபின் தட்டையானது என்பதால் 3 மி.மீ. கண்ணாடி இரண்டும் 0.76 மி.மீ. படலமும் சேர்ந்த ஷீட்டைக் கடையிலேயே அளவுக்கு வெட்டித் தருவார்கள். பக்கங்களுக்கும் பின்னாலும் 5 மி.மீ. டஃபண்டு கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைப்பதால் உடைந்தாலும் சிறுசிறு துண்டுகளாகத்தான் உதிரும். ஆனால் டஃபண்டு ஆன பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. கீல், கைப்பிடிக்கான துளைகளை முன்பே போட்டு அனுப்ப வேண்டும். வாங்கும்போது மூலையில் ஐ.எஸ். 2553 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவெடுப்பதில்தான் பலருக்குக் காசு வீணாகிறது. டேப்பை மட்டும் நம்பாதீர்கள். வெல்டிங் சூட்டில் சட்டம் கோணியிருக்கும்; நான்கு மூலையும் சரியான மட்டத்தில் இருக்காது. ஒவ்வொரு திறப்புக்கும் கெட்டி அட்டையில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் ரப்பர் பீடிங்கை வாங்கிவிடுங்கள். ‘எச்’ வடிவ ரப்பரில் ஒரு பள்ளம் கண்ணாடியைப் பிடிக்கும், எதிர்ப் பள்ளம் தகட்டு விளிம்பைப் பிடிக்கும். இரண்டு பள்ளங்களுக்கும் நடுவில் உள்ள கனத்தை அளந்து, அச்சின் நான்கு பக்கமும் அந்த அளவு குறைத்தால் அதுதான் கண்ணாடியின் அளவு. ஸ்கொயர் பைப்பில் ரப்பர் கவ்வாது. உட்புறம் தகட்டுப் பட்டை ஒட்டி விளிம்பு அமைக்கச் சொல்லுங்கள். மூலைகள் வளைவாக இருக்கட்டும். கூர்மூலையில் ரப்பர் மடங்கித் தண்ணீர் இறங்கும்.

பொருத்துவதற்குப் பஸ் பாடி கட்டுபவர்களின் முறையே சிறந்தது. ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, வெளிப் பள்ளத்தில் நைலான் கயிறு ஒன்றைச் சுற்றிலும் படியவைத்து, இரண்டு முனைகளையும் கீழ்ப்பக்கம் உள்ளே தொங்கவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றை மெல்ல இழுத்தால் ரப்பர் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே ஏறிக்கொள்ளும். லாரிக் கண்ணாடி மாற்றுபவர் ஒருவரை அரை நாள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கூலி வீண் போகாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோனைத் தொடாதீர்கள். இரும்பு துருப்பிடிக்கும், லேமினேட்டட் விளிம்பும் கெடும்.

இவ்வளவு செய்தும் கண்ணாடி விரிசல் விட்டால் பெரும்பாலும் சட்டம் முறுக்குவதே காரணம். வரப்பில் ஒரு சக்கரம் ஏறும்போது சேஸிஸோடு நேராக போல்ட் போட்ட கேபின் சேர்ந்து திருகும். நான்கு காலிலும் ரப்பர் புஷ் கட்டாயம். ரோட்டவேட்டர் கல் வீசும் என்பதால் பின்கண்ணாடிக்கு வெளியே கம்பி வலையும் வேண்டும்.

ஏசி இல்லாத வண்டி என்றால் எல்லாப் பக்கமும் அடைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய கேபினில் உட்கார முடியாது. பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் கீலில் திறக்கட்டும். மருந்தடிக்கும்போது கண்ணாடி இருக்கிறதே என்று முகக்கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள். சாரல்தான் நிற்கும், ஆவி எந்தச் சந்திலும் நுழையும். அதைத் தடுக்கக் கரி வடிகட்டி வைத்த, அதற்கென்றே செய்த கேபின் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று மிச்சமிருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய கவலை. 5 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டர் பன்னிரண்டரை கிலோ. அத்தனை எடையும் இரும்போடு சேர்ந்து வண்டியின் தலையில் ஏறுகிறது. மலைச்சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடுகிறது. கவிழ்ந்தால் மெல்லிய ஸ்கொயர் பைப் நசுங்கிவிடும். டிராக்டர் கவிழ்ந்து ஓட்டுநர் சாவதைத் தடுக்கவே ஸ்வீடன் 1959 முதல் புதிய டிராக்டர்களில் இரும்புக் காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. உங்கள் கேபின் மழைக்கூரை. காப்புச் சட்டம் வேறு. உங்கள் மாடலுக்குக் கம்பெனியின் காப்புச் சட்டம் கிடைக்குமா என்று டீலரிடம் கேளுங்கள். கிடைத்தால் அதை முதலில் போட்டு, அதில் வெல்டிங்கோ துளையோ இல்லாமல் கேபினைத் தனியாக நிறுத்துங்கள். காப்புச் சட்டம் இருந்தால் மட்டும் சீட் பெல்ட்டும் போடுங்கள்.

வெளியேற இரண்டு வழி கட்டாயம் இருக்க வேண்டும். லேமினேட்டட் கண்ணாடியைச் சுத்தியால் அடித்து வெளியே வர முடியாது. ஒரு கதவும், அதற்கு எதிர்ப்பக்கமோ பின்னாலோ ஆள் புகும் அளவுக்குத் திறக்கும் கண்ணாடியும் இருக்கட்டும். பின்கண்ணாடிதான் அந்த வழி என்றால் கம்பி வலையும் அதோடு சேர்ந்தே திறக்க வேண்டும். கொண்டி உள்ளேயிருந்து ஒரே கையால் தள்ளினால் திறப்பதாக இருக்கட்டும்.