ஆறு காசுச் சம்பளம்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பயின்றபோது, ஓர் உணவகத்திற்கு வேலைநேரப் பதிவு முறை ஒன்றை உருவாக்கிக் கொடுத்தேன். பணியாளர் வரும் நேரமும் போகும் நேரமும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பதிவாகும். போகும் நேரம் பதிவானதும் ஒரு டிரிகர் தானே இயங்கி, வேலை செய்த விநாடிகளைக் கணக்கிட்டு எழுதிவிடும். அந்த எண்ணை வைத்தே சம்பளம்.

முதல் வாரமே, பாத்திரம் கழுவும் அக்கா ஒருவர் சம்பளத் தாளுடன் வந்து நின்றார். "தம்பி, நேத்து ராத்திரி வேலைக்கு ஆறு காசா?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

பிழை ஒரே சொல்லில் இருந்தது. மாலை 6:00:00 முதல் இரவு 10:20:40 வரை அவர் வேலை செய்தது 4 மணி 20 நிமிடம் 40 விநாடி. மொத்தம் 14,400 + 1,200 + 40 = 15,640 விநாடிகள். நானோ 'எக்ஸ்ட்ராக்ட்' செயற்கூற்றில் 'செகண்ட்' என்று கேட்டிருந்தேன். அது விநாடிப் பகுதியான 40-ஐ மட்டுமே தரும். 'ஈபாக்' என்று கேட்டிருந்தால்தான் இடைவெளி முழுவதும் விநாடிகளாகும். மணிக்கு 5 ரிங்கிட் வீதம் அவருக்குச் சேர வேண்டியது 21 ரிங்கிட் 72 காசு.

இத்தகைய நிரல் எழுதப்போகும் தம்பி தங்கையருக்கு மூன்று குறிப்புகள்:

1. நேரத்தை மட்டும் சேமிக்காதீர்கள். தேதியையும் சேர்த்துச் சேமியுங்கள். இல்லையெனில் இரவு 7 மணிக்கு வந்து அதிகாலை 1 மணிக்குப் போனவரின் கணக்கு 21,600-க்குப் பதிலாக, கழித்தல் 64,800 என வரும்.

2. கணக்கிட்ட எண்ணை அதே வரிசையில் எழுத, டிரிகர் 'பிஃபோர்' வகையாக இருக்க வேண்டும். அதன் செயற்கூறு 'நியூ' வரிசையைத் திருப்பித் தர வேண்டும். 'நல்' தந்தால் அந்தப் பதிவே நடக்காது.

3. ஒரு தனி நேரத்திற்கு 'ஈபாக்' கேட்டால், 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகள் கிடைக்கும். நேர வலயம் உள்ள வகையையும் இல்லாத வகையையும் கலந்தால், உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முந்திய நம் நாட்டில் 28,800 விநாடி வேறுபடும்.

அன்றிரவே திருத்தி, எல்லாருக்கும் மீதிப் பணம் கிடைக்கச் செய்தேன். அந்த அக்கா தம் வேலைநேரத்தை விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார். நிரலை ஒப்படைக்கும் முன் நானும் ஒரு வரிசையையேனும் அப்படி எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இன்று தவறாமல் அதைச் செய்கிறேன்.