கால் வீக்கமா? அமுக்காதீர்கள், வருடுங்கள்!

சாயங்காலம் பாட்டியின் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? கால் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணெயும் கையுமாக உட்கார்ந்துவிடாதீர்கள். நாள்பட்ட வீக்கத்துக்கு, நிணநீரை வடிய வைக்கும் மென்மையான கைமுறை சிகிச்சை இருக்கிறது. டென்மார்க்கின் எமில் வோடர் 1936-இல் பாரிஸில் அறிமுகப்படுத்திய முறை இது.

● இதயம், சிறுநீரகம், ரத்தநாளக் கோளாறாலோ, அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையாலோ கால் வீங்கலாம். டாக்டர் காரணத்தைச் சொல்லி, இதைச் செய்யலாம் என்ற பிறகே கை வையுங்கள்.

● பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

● எண்ணெய் வேண்டாம், வழுக்கும். தோலை மட்டும் லேசாக இழுத்து விடுங்கள். வலித்தாலோ சிவந்தாலோ அழுத்தம் அதிகம்.

● தொடை இடுக்கில் தொடங்கி தொடை, முழங்கால் பின்புறம், கெண்டைக்கால், கடைசியில் பாதம். தள்ளுவது எப்போதும் மேல்நோக்கி. மேலே வழி திறந்தால்தான் கீழே தேங்கியது ஏறும்.

● பிறகு டாக்டர் சொன்ன அளவில் அழுத்தக் காலுறை. சர்க்கரை உள்ளவர்கள் முதலில் கால் ரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும்.

● மழையில் மும்பை கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் தண்ணீரில் நடந்து வந்தால், காலைக் கழுவி விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். சேற்றுப்புண் வழியாகக் கிருமி நுழையும்.

கவனம்: ஒரே காலில் திடீர் வீக்கம், வலி, சிவப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல் என எது இருந்தாலும் காலை நீவவே கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கிங்ஸ் சர்க்கிள்காரர்களுக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது.